மேட்டையும் பார்வையையும் காத்த ஆக்டேவியா ஹில்

உங்கள் பால்கனியில் நின்றால் என்ன தெரிகிறது? எதிர் மனையில் நாளை ஒரு கட்டடம் எழும்பினால் அதில் எவ்வளவு மறையும்? வீடு வாங்கும்போது சதுர அடியைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறோம். கண்ணுக்கு எட்டும் தூரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதையும் சேர்க்க வேண்டும் என்று சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் மல்லுக்கு நின்றவர் ஆக்டேவியா ஹில். இந்தக் காலாண்டில் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பிறந்தது 1838-இல், இங்கிலாந்தின் விஸ்பெக் என்ற ஊரில். தானிய வியாபாரியான தந்தை, மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே நொடித்துப்போனார். தாய்வழித் தாத்தா டாக்டர் சவுத்வுட் ஸ்மித்தான் குடும்பத்துக்குக் கைகொடுத்தார். லண்டனுக்கு வெளியே ஃபின்ச்லியில் வயல்வெளிகளில் ஓடியாடி வளர்ந்த பெண், 14 வயதில் நகரத்துக்கு நடுவே வேலைக்கு வந்தார். பொம்மைச் சாமான்கள் செய்யும் ஏழைச் சிறுமிகளை மேற்பார்க்கும் வேலை. அந்தப் பிள்ளைகள் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்தார்.

1865-இல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் மேரிலிபோன் பகுதியில் மூன்று பழைய வீடுகளை வாங்கி அவர் பொறுப்பில் விட்டார். போட்ட முதலுக்கு 5 சதவீதம் வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஹில் வாரந்தோறும் தானே படியேறி வாடகை வாங்கினார், ஒழுகும் கூரையைச் சரிசெய்தார், பிள்ளைகளுக்கு விளையாட இடம் ஒதுக்கினார். வாடகை விஷயத்தில் கறார். தராதவர்களை வெளியேற்றவும் தயங்கவில்லை. ஆகவே, வீடே கட்டக்கூடாது என்று கொடிபிடித்தவர் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். வாழ்நாள் முழுவதும் அவர் தொழிலே வீடுகள்தான். (நமக்குக் கொஞ்சம் சங்கடமான சங்கதி: அடுக்குமாடிகள் அவருக்குப் பிடிக்காது. சிறு தோட்டத்தோடு கூடிய சிறு வீடுகளே அவர் விருப்பம்.)

மேரிலிபோன் சந்துகளில் இருந்தவர்களுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த பச்சை வெளி, ஸ்விஸ் காட்டேஜ் வயல்கள். 1875-இல் அவற்றையும் மனை போட்டு விற்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. நிலத்தை வாங்கிப் பொதுவில் விட்டுவிடலாம் என்று ஹில் வசூலில் இறங்கினார். தேவைப்பட்டது 10,000 பவுண்டு. சில வாரங்களுக்குள் 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் நிலத்துக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். வயல் போனது. வந்தது ஏழைகளுக்கான வீடு என்றாலாவது மனம் ஆறும். ஃபிட்ஸ்ஜான்ஸ் அவென்யூ என்ற பெயரில் அங்கே எழுந்தவை பணக்காரர்களின் பெரிய பெரிய மாளிகைகள்.

இந்தத் தோல்வியைத்தான் அவர் வாழ்க்கையின் திருப்பமாக நான் பார்க்கிறேன். அவரிடம் ஆதரவு இருந்தது, பணமும் ஏறக்குறைய இருந்தது. நிலத்தை வாங்கி, என்றைக்கும் விற்காமல் வைத்திருக்கச் சட்டப்படியான ஓர் அமைப்புதான் இல்லை. அந்தப் போராட்டத்தில் துணைநின்ற வழக்கறிஞர் ராபர்ட் ஹண்டர், பின்னால் அந்த அமைப்புக்கான யோசனையைக் கொண்டுவந்தார். நடுவில் ஹில்லின் உடல்நிலை மோசமாகி, வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய் ஓய்வெடுக்கும்படி ஆனது.

திரும்பி வந்தவர் அடுத்து பார்லிமென்ட் ஹில் வயல்களுக்காகப் பலரோடு சேர்ந்து உழைத்தார். லண்டனின் வடக்கே சுமார் 320 அடி உயர மேடு அது. உச்சியில் நின்றால் நகரம் முழுக்கக் கண்ணெதிரே விரியும். அடிவாரத்தில் வீடு வந்தால் அந்தப் பார்வை கட்டுபவர்களுக்கு மட்டும் சொந்தமாகிவிடும். வெறும் உணர்ச்சியை வைத்து மட்டும் அவர் வாதாடவில்லை. ஓர் ஏக்கர் திறந்தவெளியை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று மேற்கு லண்டனையும் கிழக்கு லண்டனையும் 1888-இல் ஒப்பிட்டு எழுதினார். கிழக்கில் இருந்த ஏழைகளின் நிலை படுமோசம் என்று அந்தக் கணக்கு காட்டியது. 1889-இல் சுமார் 3,00,000 பவுண்டு செலவில் அந்த வயல்கள் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தோடு சேர்ந்தன. நகர நிர்வாகமும் உள்ளாட்சிகளும் பொதுமக்களும் சேர்ந்து போட்ட பணம் அது.

1895-இல் ஹண்டர், பாதிரியார் ரான்ஸ்லி ஆகியோருடன் சேர்ந்து நேஷனல் டிரஸ்ட்டைத் தொடங்கினார். அதற்கு முதலில் கிடைத்த சொத்து, வேல்ஸில் பார்மவுத் ஊருக்கு மேலே கடலைப் பார்த்த 4.5 ஏக்கர் மலைச்சரிவு. வாடகை வராது, விளைச்சல் வராது, பார்வை ஒன்றுதான் வரும்! 1907-இல் வந்த சட்டத்தின்படி, டிரஸ்ட் தன் நிலத்தை விற்க முடியாததாக அறிவிக்கலாம் என்றானது. ஸ்விஸ் காட்டேஜில் இல்லாமல்போன பிடி அதுதான். 1912-இல் ஹில் காலமானார்.

பார்லிமென்ட் ஹில் உச்சியிலிருந்து செயின்ட் பால்ஸ் தேவாலயக் குவிமாடம் தெரியும் அந்தப் பார்வைக் கோடு, இன்று லண்டன் நகரத் திட்ட விதிகளில் பாதுகாக்கப்பட்ட ஒன்று. அதைப் பாதிக்கக்கூடிய உயரக் கட்டடத்துக்கு அனுமதி கேட்பவர்கள், மேட்டிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிறவர்கள் ஒரு மாலை அங்கே ஏறிப் பாருங்கள். ஃபிட்ஸ்ஜான்ஸ் அவென்யூவும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.