மூணு தீபாவளி கண்ட பாட்டுக்காரர்



இப்போல்லாம் ஒரு படம் மூணு வாரம் ஓடினாலே வெற்றி விழா கொண்டாடுறாங்க. 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூணு தீபாவளி பார்த்தது. அதில் பாடி நடித்தவர் நம்ம மாவட்டத்துக்காரர், எம்.கே. தியாகராஜ பாகவதர். சுருக்கமா எம்.கே.டி. ஆனால் அந்த மூணு தீபாவளியில் ரெண்டு தீபாவளிக்கு அவர் எங்கே இருந்தார் தெரியுமா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மாயவரத்துப் பையன்

அவர் பெயரில் இருக்கிற 'எம்' நம்ம மாயவரம்தான். 1982-க்குப் பிறகுதான் அது மயிலாடுதுறை ஆச்சு. அங்கே 1910 மார்ச் 1-ஆம் தேதி, நகை செய்யும் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பெயர் கிருஷ்ணமூர்த்தி. பிழைப்புக்காகக் குடும்பம் திருச்சிக்குப் போனது.

பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, பாட்டுதான் பிடித்தது. ஒருநாள் வீட்டை விட்டே ஓடிவிட்டான். அப்பா தேடித் தேடிக் கடைசியில் ஆந்திராவில் கடப்பா என்ற ஊரில் கண்டுபிடித்தார். அங்கே கூட்டம் கூடி அவன் பாட்டைக் கேட்டுக்கொண்டு இருந்ததாம். இப்படித்தான் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். (தம்பிகளே, பாட்டை மட்டும் கத்துக்குங்க, ஓடிப்போறது வேண்டாம்!)

திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எப்.ஜி. நடேச அய்யர் ஒரு நாடக சபா நடத்தினார். அவர் 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். அப்புறம் மதுரை பொன்னு அய்யங்காரிடம் முறையாகச் சங்கீதம் படித்தார். பள்ளிக்கூடம் பிடிக்காத பையன் பாட்டை வருஷக்கணக்கில் பொறுமையாகப் படித்தான் என்பதைக் கவனியுங்கள். 'பாகவதர்' என்ற பட்டமும் பாட்டால்தான் வந்தது.

மைக் இல்லாத குரல்

அன்றைக்கு நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்து இருப்பவருக்கும் கேட்க வேண்டும். அதனால் உச்ச ஸ்தாயியில் பாடினால்தான் நாடகத்தில் நிற்க முடியும். அவர் குரல் உச்சியில் போகும்போதும் இனிமை குறையாது. நான் செல்போனில் அவருடைய பாட்டுகளைக் கேட்டேன். பழைய பதிவு, கரகரன்னு சத்தம் வருது. அதைத் தாண்டிக் குரல் மணி மாதிரி வருது.

1934-ல் 'பவளக்கொடி' படத்தில் அறிமுகமானார். கே. சுப்ரமணியம் இயக்கிய படம். ஏற்கெனவே நாடகமாக நடந்த கதைதான். அப்போது தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாடகர் என்ற வழக்கம் வரவில்லை. நடிக்கிறவரே கேமரா முன்னாடி நின்னு பாடணும். தப்பு வந்தா மறுபடியும் முதல்ல இருந்து பாடணும்.

1937-ல் வந்த 'சிந்தாமணி' ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதே வருஷம் 'அம்பிகாபதி', 1939-ல் 'திருநீலகண்டர்', 1941-ல் 'அசோக் குமார்', 1943-ல் 'சிவகவி' என்று வரிசையாக வெற்றிதான். பெரும்பாலும் பாட்டு எழுதியவர் பாபநாசம் சிவன். ஊரெல்லாம் ஆண்கள் அவரைப் போலத் தோள்வரை முடி வளர்த்தார்கள். அதற்குப் 'பாகவதர் கிராப்' என்றே பெயர். உங்க வீட்டில் கொள்ளுத் தாத்தா போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள்!

படம் தியேட்டரில், பாடியவர் சிறையில்

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. ஒரு மாசம்கூட ஆகவில்லை. நவம்பர் 8-ஆம் தேதி சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்பவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்தார். சினிமாக்காரர்களைப் பற்றி அவதூறாக எழுதிப் பத்திரிகை நடத்தியவர் அவர். இந்தக் கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதரையும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் டிசம்பரில் கைது செய்தார்கள். 1945-ல் ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

நண்பர்களே, இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 1945 தீபாவளி அன்னைக்கு பிராட்வேயில் 'ஹரிதாஸ்' ஓடுது. ஜனங்க காசு கொடுத்து அவர் பாட்டைக் கேக்கறாங்க. பாடினவர் சிறையில். 1946 தீபாவளியும் அப்படியே போச்சு.

அப்போது நமக்குச் சுதந்திரம் வரவில்லை. பெரிய கோர்ட்டு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்தான். அங்கே வரை வழக்கு போனது. மறுபடியும் விசாரிக்கச் சொல்லி அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரெண்டு பேரையும் விடுதலை செய்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வர்றதுக்கு நாலு மாசம் முன்னாடி!

விடுதலைக்கு அப்புறம்

என்.எஸ்.கே. மறுபடியும் எழுந்தார். 'நல்லதம்பி', 'மணமகள்' என்று வெற்றி கண்டார். பாகவதரால் முடியவில்லை. 1948-ல் 'ராஜமுக்தி' எடுத்தார், ஓடவில்லை. 1952-ல் 'அமரகவி', 'சியாமளா' வந்தன. அதே வருஷம்தான் 'பராசக்தி' வந்தது. ஜனங்கள் பாட்டை விட வசனத்துக்குக் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1957-ல் அவரே இயக்கிய 'புது வாழ்வு' படமும் கை கொடுக்கவில்லை.

சர்க்கரை நோய் வந்தது, கண் பார்வை குறைந்தது. 1959 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். வயது 49 தான். கடைசிப் படம் 'சிவகாமி' அவர் இறந்த பிறகு 1960-ல் வெளிவந்தது. மொத்தமே 14 படங்கள்.

நான் சொல்ல வருவது

கோர்ட்டு அவரை விட்டுவிட்டது. ஆனால் போன ரெண்டரை வருஷத்தை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியவில்லை. நம்ம வகுப்பிலும் ஒரு பேனா காணாமல் போனால் உடனே ஒருத்தன் பெயரைச் சொல்லிவிடுகிறோம். அப்புறம் பேனா பெஞ்சுக்கு அடியில் கிடைக்கும். பேனா கிடைச்சதை எல்லாரும் மறந்துடுவாங்க, பெயர் மட்டும் ஒட்டிக்கும். அடுத்த முறை ஒருவர் பெயரைச் சொல்வதற்கு முன்னால் மாயவரத்துப் பாகவதரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் அவர் பாட்டு ஒன்றைத் தேடிக் கேளுங்கள். பெரியவங்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவங்க கூடவே பாடுவாங்க!



– 11-ஆம் வகுப்பு மாணவி, தரங்கம்பாடி