நூல்கண்டில் நிற்கும் பெயர்

தையல் நூல்கண்டில் 'மெர்சரைஸ்டு' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். அது கம்பெனியின் பெயர் அல்ல. ஒரு நெசவாளரின் மகன் பெயரிலிருந்து வந்த சொல்.

அவர் ஜான் மெர்சர். 1791-ம் ஆண்டு இங்கிலாந்தில், லங்காஷயரைச் சேர்ந்த கிரேட் ஹார்வுட் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் வறுமை. பள்ளிக்கூடப் படிப்புக்கு வழி இல்லை. ஒன்பது வயதில் நூல் சுற்றும் வேலைக்குப் போனார். துணிக்குப் பூ வரைந்து கொடுக்கும் ஒருவர், பத்து வயதுப் பையனான அவருக்கு எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக் கொடுத்தார்.

பதினாறாவது வயதில், தம்பியின் ஆரஞ்சு நிறச் சட்டையைப் பார்த்து மயங்கிப் போனார். அந்த நிறம் எப்படி வந்தது? விடை தேடிச் சாயம் காய்ச்சத் தொடங்கினார். கல்யாணத்துக்கு லைசென்ஸ் வாங்கப் பிளாக்பர்ன் நகருக்குப் போனவர், பழைய புத்தகக் கடையில் ஒரு ரசாயனக் கைப்புத்தகத்தையும் வாங்கி வந்தார். அதுதான் அவருடைய கல்லூரி! 1818-ல் துணிக்கு அச்சடிக்கும் ஆலையில் ரசாயன வேலைக்குச் சேர்ந்தார். 1825-ல் அதிலேயே பங்காளி ஆனார்.

அவருக்குப் புகழ் தேடித் தந்த பொருள் காஸ்டிக் சோடா. பார்ப்பதற்கு வெள்ளை உப்புப் போல இருக்கும். குணம் மகா முரடு. தண்ணீரில் போட்டால் தண்ணீர் கொதிப்பது போலச் சூடாகும். தோலில் பட்டால் முதலில் சோப்புப் போல வழுவழுக்கும், பிறகு புண்ணாக்கிவிடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அலுமினியப் பாத்திரத்தை அரிக்கும். கம்பளியைக் கரைத்தே விடும். ஆனால் சோப்பு செய்யவும், மரத்தைக் காகிதக் கூழாக்கவும் இது வேண்டும்.

கம்பளியைக் கரைக்கும் இந்தப் பொருள் பருத்தியை என்ன செய்யும்?

1844-ல் மெர்சர் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பருத்தித் துணியில் வடிகட்டினார். துணி கரையவில்லை. நீளத்திலும் அகலத்திலும் சுருங்கித் தடித்துப் போயிருந்தது. வடிந்த கரைசலோ முன்பைவிடச் சத்துக் குறைந்திருந்தது. சோடாவைத் துணி பிடித்துக்கொண்டது என்று அவர் ஊகித்தார்.

விஷயம் இதுதான். பருத்தி இழை முறுக்கிய நாடா போன்றது. காஸ்டிக் சோடா பட்டதும் உப்பி, முறுக்கு அவிழ்ந்து, உருண்டையாகிறது. அதனால் துணிக்கு வலிமை கூடுகிறது. சாயம் நன்றாக ஏறுகிறது. 1850-ல் மெர்சர் காப்புரிமை பெற்றார். 1851-ல் லண்டன் பெரும் பொருட்காட்சியில் பதக்கம் கிடைத்தது. மறு ஆண்டு, பள்ளி காணாத அவரை ராயல் சொஸைட்டி உறுப்பினராக்கியது.

ஆனால் வியாபாரம் நடக்கவில்லை! காஸ்டிக் சோடா விலை அதிகம். துணியும் சுருங்கிவிடுகிறது. கஜக்கணக்கில் துணி விற்பவன் அதை விரும்புவானா? முறை மூலையில் கிடந்தது. 1866-ல் மெர்சர் காலமானார்.

1890-ம் ஆண்டு வாக்கில் ஹொரேஸ் லோ என்ற ஆங்கிலேயர் ஒரு சிறு மாற்றம் செய்தார். துணியைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தபடியே காஸ்டிக் சோடாவில் நனைத்து, அப்படியே அலசினார். சுருக்கம் போயிற்று. மெர்சர் கனவிலும் காணாத ஒன்றும் வந்தது: பட்டுப் போன்ற பளபளப்பு! ஆலைகள் போட்டி போட்டுக்கொண்டு இந்த முறையை எடுத்துக்கொண்டன. முறைக்கு வழங்கும் பெயரில் லோ இல்லை, மெர்சர்தான் இருக்கிறார்.