சாமர்செட் சீமாட்டி: வரலாறும் வதந்தியும்

லண்டன் டவர் கோட்டைக்குக் கோஹினூர் வைரத்தைக் காணச் செல்லும் பயணிகள் பலரும், 'இரத்தக் கோபுரம்' என்று பெயர் பெற்ற பழைய சிறைக் கட்டடத்தையும் பார்த்துவிட்டே திரும்புகின்றனர். அந்தக் கோட்டையில் 1613ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி சர் தாமஸ் ஓவர்பரி என்ற கைதி உயிரிழந்தார். அவருக்கு நஞ்சூட்டிக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டவர், இங்கிலாந்தின் செல்வாக்கு மிக்க குடும்பமொன்றில் பிறந்த பிரான்சஸ் ஹோவர்ட். சாமர்செட் சீமாட்டி என்று அறியப்பட்ட இவரை, சூனியக்காரி என்றும் நடத்தை கெட்டவர் என்றும் பல தலைமுறைகள் பேசி வந்துள்ளன. இவற்றில் எது உண்மை, எது கட்டுக்கதை?

குடும்பங்கள் செய்த திருமணம்

சஃபோக் பிரபுவின் மகளான பிரான்சஸ் 1590ஆம் ஆண்டு பிறந்தவர். 1606ஆம் ஆண்டு ஜனவரியில் எசெக்ஸ் பிரபு ராபர்ட் டெவரூவுக்கு அவர் மணமுடிக்கப்பட்டார். அப்போது மணமகளுக்கு 15 வயது. மணமகனுக்கு 15 நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. பகைமை கொண்டிருந்த இரு குடும்பங்களை இணைக்கும் அரசியல் ஏற்பாடாகவே இத்திருமணம் நடந்தது. மணமகன் பின்னர் வெளிநாடு அனுப்பப்பட்டார். அவர் திரும்பிய பின்னரும் இல்லறம் கூடவில்லை.

இதற்கிடையே, மன்னர் முதலாம் ஜேம்ஸின் பேரன்புக்குரியவராக விளங்கிய ராபர்ட் கார் மீது பிரான்சஸ் காதல் கொண்டார். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு தாமஸ் ரோவைத் தூதராக அனுப்பிய அதே ஜேம்ஸ் மன்னர்தான் இவர்.

தமது திருமணத்தைச் செல்லாததாக அறிவிக்குமாறு 1613ல் பிரான்சஸ் கோரினார். கணவருக்குத் தம்மிடம் மட்டும் தாம்பத்திய ஆற்றல் இல்லை என்பது அவரது வாதம். பெண்கள் குழுவொன்று அவரைப் பரிசோதித்து, அவர் கன்னி என்று அறிவித்தது. விசாரணைக் குழுவில் கருத்துகள் சரிபாதியாகப் பிளவுபட்டபோது, மன்னர் மேலும் இரு பிஷப்புகளை நியமித்தார். ஐந்துக்கு ஏழு என்ற வாக்குகளில் திருமணம் ரத்தானது. அது ஓவர்பரி இறந்து பத்தாவது நாள்.

சிறையில் ஒரு மரணம்

ஓவர்பரி, ராபர்ட் காரின் நெருங்கிய நண்பரும் ஆலோசகரும் ஆவார். பிரான்சஸை கார் மணப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். அவரை வெளிநாட்டுக்குத் தூதராகச் செல்லுமாறு மன்னர் பணித்தார். மறுத்த ஓவர்பரி 1613 ஏப்ரலில், வழக்கு விசாரணை ஏதுமின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார். சுமார் ஐந்து மாதங்கள் நோயுற்றுத் துன்புற்ற பின் உயிரிழந்த அவரது உடல் அவசரமாகப் புதைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிரான்சஸ் - கார் திருமணம் அரசவை ஆரவாரத்துடன் நடந்தேறியது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே கொலைச் சந்தேகம் வெளிப்பட்டது. அதற்குள் மன்னரின் அன்பு வேறொரு இளைஞர் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. சிறைக் காவலர் ரிச்சர்ட் வெஸ்டன், பிரான்சஸின் தோழி ஆன் டர்னர், கோட்டையின் பொறுப்பாளர் சர் ஜெர்வேஸ் எல்வஸ், மருந்து வணிகர் ஜேம்ஸ் பிராங்க்ளின் ஆகிய நால்வரும் 1615 இறுதியில் தூக்கிலிடப்பட்டனர்.

1616 மே 24ஆம் தேதி, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரபுக்கள் முன்னிலையில் பிரான்சஸ் தமது குற்றத்தை ஒப்புக்கொண்டார். மறுநாள் விசாரிக்கப்பட்ட கார் தாம் நிரபராதி என்றார். எனினும் அவரும் குற்றவாளி என்றே தீர்ப்பானது. இருவருக்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. சில வாரங்களில் மன்னர் பிரான்சஸுக்கு மன்னிப்பு வழங்கினார்.

நிரூபிக்கப்பட்டதும் படாததும்

ஆகவே, பிரான்சஸ் குற்றமற்றவர் என்று வாதிட இடமில்லை. ஓவர்பரிக்கு நஞ்சு கலந்த தின்பண்டங்களை அனுப்ப ஏற்பாடு செய்தவர் அவரே. ஆனால் அந்த நஞ்சுதான் அவரைக் கொன்றதா என்பது வேறு கேள்வி. தமக்குத் தெரியவந்த நஞ்சைத் தாம் தடுத்துவிட்டதாக எல்வஸ் கூறினார். சிறையில் ஓவர்பரிக்கு மருத்துவர்கள் தொடர்ந்து சிகிச்சை அளித்து வந்தனர். இறுதியில் கொடுக்கப்பட்ட எனிமாவே உயிரைப் பறித்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. நோயா, நஞ்சா, சிகிச்சையா என்பதைத் தீர்மானிக்கும் மருத்துவச் சான்று எதுவும் நீதிமன்றத்தின் முன் இருக்கவில்லை.

சூனியக் கதையின் நிலை இன்னும் விசித்திரமானது. ஆன் டர்னரின் வழக்கில், சோதிடர் சைமன் ஃபோர்மனுக்கு பிரான்சஸ் எழுதிய கடிதமும் சில உருவப் பொம்மைகளும் காட்டப்பட்டன. ஆனால் ஃபோர்மன் 1611லேயே, அதாவது ஓவர்பரி சிறை செல்வதற்கு முன்னரே, காலமாகிவிட்டார். மேலும், 1613ல் எசெக்ஸ் பிரபுவின் இயலாமைக்கு யாரோ வைத்த சூனியம் காரணமாகலாம் என்று பேசப்பட்டபோது, பிரான்சஸ் அதனால் பாதிக்கப்பட்டவராகவே கருதப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் அதே சூனியத்தின் சூத்திரதாரி ஆக்கப்பட்டார்.

கன்னிமைப் பரிசோதனையில் அவர் முகத்திரை அணிந்திருந்தார். திரைக்குப் பின்னால் இருந்தது வேறொரு பெண் என்ற வதந்தி அதிலிருந்தே பிறந்தது. அதற்கு ஆதாரம் இல்லை. ஆன் டர்னரால் பெயர் பெற்ற மஞ்சள் கஞ்சியிட்ட கழுத்துப்பட்டி அவரது மரணத்தோடு வழக்கொழிந்தது என்பதும் உண்மையல்ல. 1620லும் லண்டனில் அதை எதிர்த்துப் பாதிரிமார் பிரசாரம் செய்துகொண்டிருந்தனர்.

கதை சொன்னவர்கள் யார்?

இக்கதைகளைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர் ஆர்தர் வில்சன். 1653ல் வெளியான அவரது வரலாற்று நூல், பிரான்சஸின் இறுதி நோயைத் தெய்வ தண்டனையாகச் சித்திரித்தது. வில்சன், அவரது முன்னாள் கணவர் எசெக்ஸ் பிரபுவிடம் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது. அந்நூல் வெளிவந்தபோது ஜேம்ஸ் மன்னரின் மகன் முதலாம் சார்ல்ஸ் தலை துண்டிக்கப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அரச வம்சத்தின் ஒழுக்கக்கேட்டுக்கு பிரான்சஸ் வசதியான அடையாளமானார். 1990களில் இவ்வழக்கை மீண்டும் ஆராய்ந்த டேவிட் லின்ட்லி போன்ற ஆய்வாளர்கள், பெண்கள் குறித்த அக்கால அச்சங்களே அவரது பிம்பத்தை வடிவமைத்தன என்று வாதிட்டுள்ளனர்.

பிரான்சஸும் காரும் 1622 ஜனவரி வரை லண்டன் டவரிலேயே வைக்கப்பட்டிருந்தனர். 1632ல் பிரான்சஸ் காலமானார்.

சூனியக்காரி கதை ஒரு பெண்ணுக்கு அநீதி இழைத்ததோடு நிற்கவில்லை. வேறு சில கேள்விகளையும் மறைத்துவிட்டது. ஒரு மனிதரை விசாரணையின்றிச் சிறையிலிட்டவர் மன்னர். குற்றத்தை ஒப்புக்கொண்ட சீமாட்டி உயிர் தப்ப, அவருக்கு ஏவல் செய்தவர்களும் உடந்தை என்று கருதப்பட்டவர்களும் தூக்கு மேடை ஏறினர். அந்த நால்வருக்காகக் கட்டுக்கதை எதையும் யாரும் புனையவில்லை.