அளந்து கொடுக்கப்பட்ட காலம்

பம்பாய் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நிறைந்த குடியிருப்பில் ஓர் ஒற்றை அறை. சமையல் அதில்தான்; விறகு அடுக்குவதும் அதில்தான்; ஆட்டிற்கும் அங்கேயே ஒரு மூலை. எல்லாரும் ஒருங்கே படுக்க இடமில்லை. ஆகவே தந்தையார் இராம்ஜி சக்பால் பின்னிரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, மகன் பீமராவை எழுப்பிவிட்டு, மகன் படுத்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். மகன் சிம்னியில்லாத மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்ந்து விடியும் வரை படிப்பார். இடமில்லாத குறையை நேரத்தைக் கொண்டு ஈடுசெய்த குடும்பம் அது. வீட்டில் படிக்க வசதியில்லை என்று என் முன் வந்து நிற்கும் மாணவரிடம் நான் இதனைச் சொல்வதுண்டு. அவர்தம் பெற்றோரிடம் இன்னும் அழுத்தமாகச் சொல்வதுண்டு.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்த டாக்டர் அம்பேத்கர் 1907இல் மெட்ரிக்குலேசனும் 1912இல் பி.ஏ.யும் தேறினார். 1913 பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டே பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகையில் நியூயார்க் சென்றார். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றே ஆண்டுகள். அதற்கு ஈடாகப் பத்தாண்டுகள் பரோடா அரசுப் பணி செய்வதாக ஒப்பந்தம்.

அண்ணலைக் குறையே இல்லாதவராகக் காட்ட விரும்புவோர் ஒன்றைச் சொல்லாமல் விடுகின்றனர். அங்குச் சென்ற தொடக்க மாதங்களில் அவர் மனமும் நண்பர்களோடு கூடி விளையாட்டிலும் கேளிக்கையிலும் சென்றதுண்டு. ஓரிரவு தனித்திருந்து தம் நிலையை எண்ணிப் பார்த்தார். எவர் பொருட்டு அங்கு வந்தோம் என்பது நினைவில் உறைத்தது. அதன்பின் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் படிப்பு. பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் பயின்றார், வரலாற்றில் 11. 1915இல் எம்.ஏ. பட்டம், 1916இல் டாக்டர் பட்ட ஆய்வுரையை முடித்தளித்தார். உணவுச் செலவைச் சுருக்கி வீட்டுக்கும் பணம் அனுப்பினார். பழைய நூல்கள் இரண்டாயிரம் அளவில் சேர்த்தார்.

அவ்வாண்டே இலண்டன் சென்று மேற்படிப்பில் சேர்ந்தார். ஆனால் 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட, படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. நூல்களை ஏற்றி வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. பரோடாவிலோ, பதவி கிடைத்தது. சாதியின் காரணமாகத் தங்க இடம் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடரலாம் என்று இலண்டன் பல்கலைக்கழகம் தந்த அனுமதி ஒன்றே கையில் எஞ்சியது. அந்தக் கெடுவை அவர் மறக்கவில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் சேர, 1920இல் மீண்டும் இலண்டன் சேர்ந்தார்.

அங்குப் பிரிட்டிஷ் மியூசிய நூலகம் திறக்கும்போதே நுழைவார், மூடும்போதுதான் வெளியேறுவார். பகலுணவு பெரும்பாலும் இல்லை. இரவில் பசித்தால் சுட்ட அப்பளம். இத்தனைக்குப் பின்னும் ரூபாயைப் பற்றிய அவர் ஆய்வுரை முதலில் ஏற்கப்படவில்லை. கையிலோ பணம் தீர்ந்திருந்தது. பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பி, 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

பட்டங்கள் முடிந்த பின்னும் அப்பழக்கம் அவரை விடவில்லை. 1956 டிசம்பர் 5ஆம் நாள் இரவு, நீரிழிவு நோயால் உடல் தளர்ந்திருந்த நிலையிலும், புத்தரும் அவர் தம்மமும் என்ற தம் நூலின் முன்னுரைத் தாள்களை இரவில் பார்ப்பதற்காக அருகில் வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் அவர் கண் விழிக்கவில்லை.