மலைமக்களின் உற்ற துணை

எழுத்தறிவு நூல்களைக் கற்பதற்கு மட்டும் உரிய கருவியன்று. அன்றாட வாழ்வில் ஏமாறாமல் முடிவெடுக்கத் துணைநிற்கும் கண்ணும் அதுவே. எந்த நீரைப் பருகுவது, எந்தத் தாளில் கைநாட்டு இடுவது, நோயுற்றால் யாரை நாடுவது என்பனவற்றில்கூட எழுத்தறியாதவர் பிறர் சொல்லையே நம்பி வாழ நேர்கிறது. அந்நிலையில் இருந்த கொல்லிமலை மக்களுக்காக உழைத்து, அம்மலையிலேயே மறைந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட்.

மலைவாழ்வு

1885ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த பிராண்ட், கட்டடத் தொழில் அறிந்தவர். இலண்டனில் ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றபின், 1907இல் சமயப் பணியாளராகத் தமிழகம் வந்து தமிழ் கற்றார். 1913இல் எவ்லினை மணந்து, அவருடன் கொல்லிமலையில் குடியேறினார். வல்வில் ஓரி ஆண்ட அம்மலை, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுடன் கூடிய இன்றைய சாலை அன்று இல்லை. காட்டுவழியே நடந்தோ டோலியில் அமர்ந்தோதான் மேலேற இயலும். வாழவந்தி நாட்டில் மரவீடு ஒன்றை அமைத்து இருவரும் வாழ்ந்தனர்.

நீரும் நோயும்

மலைமக்களை நரம்புச் சிலந்தி நோய் பெரிதும் வாட்டியது. குடிநீர் வழியே உடலுள் புகும் புழு, ஏறத்தாழ ஓராண்டில் இரண்டு மூன்று அடி நீளம் வளர்ந்து, தோலைத் துளைத்து வெளிவரும். புண்பட்ட காலுடன் ஒருவர் நீர்நிலையில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அந்நீரைப் பருகுவோரையும் நோய் பற்றும். இத்தொடர்பை அறியாத மக்கள் அதே நீரை மீண்டும் மொண்டு பருகினர். பிராண்ட், புழுவைக் குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி வெளியேற்றினார். அத்துடன் அமையாது, எவரும் கால் நனைக்க இயலாதவாறு சுவர் எழுப்பிய கிணறுகளை அமைக்கச் செய்தார்.

1918, 1919ஆம் ஆண்டுகளில் உலகை உலுக்கிய நச்சுக்காய்ச்சல் மலையையும் தாக்கியது. நோயாளரை நெருங்கப் பிறர் அஞ்சியபோது, இவ்விணையர் வீடுவீடாகச் சென்று கஞ்சி ஊட்டினர். அன்றுமுதல் மக்களின் நம்பிக்கை அவர்கள்பால் திரும்பியது.

கைநாட்டும் கடனும்

கடன் பத்திரத்தில் எழுதப்பட்ட தொகையும் வட்டியும் கைநாட்டு இடுபவருக்குத் தெரிவதில்லை. தந்த பணம் வரவு வைக்கப்பட்டதா என்று சரிபார்க்கவும் வழியில்லை. எழுதியவர் சொன்னதே கணக்காகிறது. இத்தகைய பிடியில் மலைமக்கள் அல்லலுறுவதைக் கண்ட பிராண்ட், அவர்களுக்காக வாதாடினார். நிலவரிச் சுமையைக் குறைக்குமாறு அரசுக்கு மடல்கள் எழுதினார்.

எனினும், பிறர் எழுதித் தரும் முறையீடு ஒரு துயரைத்தான் தீர்க்கும்; அடுத்த தாள் வரும்போது மீண்டும் ஒருவரை நாட வேண்டும். எழுதித் தருபவர் நல்லவரே ஆயினும், அவரும் பிறரே. பிராண்ட் மலையூர்களில் நிறுவிய பள்ளிகளின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. ஒரு சிறுவன் படிக்கக் கற்றால், அவ்வீட்டுப் பெரியவர்களுக்கும் தாளில் உள்ளதைப் படித்துச் சொல்ல ஒருவன் கிடைக்கிறான். மரவேலை, நெசவு முதலிய தொழில்களையும் பிராண்ட் பயிற்றுவித்தார்.

மறைவும் தொடர்ச்சியும்

1929ஆம் ஆண்டு சூன் திங்களில், மலேரியாவின் கொடிய வகையான கருநீர்க் காய்ச்சலால் தம் நாற்பத்து நான்காம் அகவையில் பிராண்ட் மறைந்தார். எவ்லின் பணியைத் தொடர்ந்தார். ஓய்வுபெற்ற பின்னும் மலைக்கே திரும்பினார். 1974இல் மறைந்த அவர், கணவர் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இவர்களின் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவராகப் புகழ்பெற்றார்.

2000ஆம் ஆண்டு, நரம்புச் சிலந்தி நோயற்ற நாடாக இந்தியாவை உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. நீரைப் பற்றிய அறிவு மக்களை எட்டியதால் அந்நோய் ஒழிந்தது. தாளில் உள்ளதைத் தாமே படித்தறியும் ஆற்றலும் அவ்வாறே எல்லாரையும் எட்ட வேண்டும்.