விண்ணை வினவிய விக்ரம் சாராபாய்

பெரியோர்தம் பெயரை மக்கட்கு இட்டு வழங்குவது நம் மரபு. பெயரோடு அவர்தம் பண்பும் வந்து பொருந்த வேண்டும் என்பது அதன் உட்கருத்து. நிலவில் இறங்கச் சென்ற கலத்திற்கு நம் நாட்டு அறிவியலார் விக்ரம் என்று பெயரிட்டதும் அம்மரபின் வழிப்பட்டதே. அப்பெயருக்குரிய விக்ரம் சாராபாய் இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை என்பதைப் பலரும் அறிவர். அவர் தம் வாழ்நாள் முழுதும் விடை தேடிய வினா யாது என்பதைச் சிலரே அறிவர். அதனை இவ்விதழில் அன்பர்களுடன் சேர்ந்து நினைந்து பார்க்க விழைகிறோம்.

சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அகமதாபாத் நகரில், வளம் மிக்க சமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய் நெசவாலை அதிபர். அன்னையார் சரளாதேவி தம் எண்மர் மக்களுக்கும் இல்லத்திலேயே பள்ளி அமைத்துக் கல்வி புகட்டினார். தொழிலும் செல்வமும் காத்திருந்த இளைஞர், அறிவியலை நாடிக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1940இல் அங்கே பட்டத் தேர்வை முடித்தார். உலகப் போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமன் அவர்களின் மேற்பார்வையில் ஆய்வைத் தொடர்ந்தார். 1942இல் நாட்டியக் கலைஞர் மிருணாளினி அம்மையாரைச் சென்னையில் மணந்தார்.

அவர் தேர்ந்த பொருள் அண்டக் கதிர்கள். விண்ணின் தொலைவிலிருந்து நுண்துகள்கள் இடையறாது பூமியின் மீது பொழிந்துகொண்டே இருக்கின்றன. அக்காலத்து ஆய்வாளர் பலர் அணுவின் உட்கூறுகளை அறியவே அவற்றைப் பயன்படுத்தினர். சாராபாயின் நோக்கு வேறு. அத்துகள்களின் எண்ணிக்கை வேளைக்கு வேளை கூடுவதும் குறைவதும் ஏன் என்று அவர் வினவினார். வரும் வழியில் ஏதோ ஒன்று அவற்றைத் தடுக்கிறது அல்லது திருப்புகிறது; எனில், கதிரவனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட வெளி வெறும் பாழாக இருத்தல் இயலாது. நெற்கதிர் அசைவது கண்டு காற்றின் போக்கை உணரும் உழவரைப் போல, மண்ணில் நின்றவாறே விண்வெளியின் நிலையை அளக்க முற்பட்டார் அவர்.

போருக்குப் பின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் அகமதாபாதில் இயற்பியல் ஆய்வகத்தைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு அகவை 28. தலைமைப் பொறுப்பைத் தாம் ஏற்காது, வளிமண்டல ஆய்வில் மூத்தவரான கே. ஆர். இராமநாதன் அவர்களிடம் ஒப்படைத்தார். அண்டக் கதிர்களும் மேல்வளிமண்டலமும் அங்கே ஆராயப்பட்டன. நம் கொடைக்கானல் மலையிலும் அண்டக் கதிர்களை அளக்கும் நிலையம் நிறுவப்பட்டது.

1957இல் விண்கலங்களின் காலம் தொடங்கிற்று. கதிரவனிடமிருந்து மின்னேற்றத் துகள்களின் ஓட்டம் ஓயாது வீசுகிறது என்பதை அடுத்த சில ஆண்டுகளில் அவை நேரில் கண்டன. மின்னேற்றம் கொண்ட துகள்களின் இத்தகைய தொகுதியையே பிளாஸ்மா என்கிறோம். வெளி வெறுமையன்று என்பது உறுதியாயிற்று.

பூமிக்கு அண்மையிலும் பிளாஸ்மா உண்டு. நமக்கு மேலே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி, பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் ஆறு போல் பாய்கிறது. பலூன் அவ்வுயரத்தை எட்டாது. செயற்கைக்கோள் அத்தனை தாழ்வில் சுற்றி நிலைக்காது. ராக்கெட்டே அதற்குரிய கருவி. காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊருக்கு மிக அருகே சென்றது.

அங்கோ புனித மரிய மகதலேனா தேவாலயமும், அதனைச் சூழ்ந்து மீனவர் குடில்களும் இருந்தன. வழிபாட்டிடத்தையும் குடியிருப்பையும் விட்டுக் கொடுப்பது எளிதன்று. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அவர்களை நேரிற் கண்டு வேண்டினார், ஆயர் தம் மக்களைக் கேட்டார், அவர்கள் இசைந்தனர். அவர்களுக்கு வேறிடத்தில் வீடுகளும் புதிய ஆலயமும் எழுந்தன. பழைய ஆலயம் ஆய்வுக்கூடமாயிற்று. இந்நாட்டின் விண்வெளி வரலாறு எழுதப்படும்போதெல்லாம் அம்மீனவ மக்களின் ஈகை முதலில் வைத்து எண்ணப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

1963 நவம்பர் 21 அன்று மாலை அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. ராக்கெட்டை அமெரிக்காவும், அதிலிருந்த சோடியம் ஆவிக் கருவியைப் பிரான்சும் அளித்திருந்தன. அந்தி வானில் ஆவி செம்மஞ்சளாய் ஒளிர்ந்து, உயரத்துக் காற்றின் போக்கை வரைந்து காட்டியது.

வறிய நாட்டிற்கு விண்வெளி எதற்கு என்ற வினா அப்போதே எழுந்தது. சாராபாய் அதனைப் புறக்கணிக்கவில்லை. நிலவையும் கோள்களையும் அடைவதில் செல்வ நாடுகளோடு போட்டியிடும் கனவு நமக்கில்லை எனத் தெளிவுபடுத்தினார். வானிலை, தகவல் தொடர்பு, சிற்றூர்க் கல்வி ஆகியவற்றில் விண்வெளி அறிவு எளிய மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1966இல் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் அவர்பால் வந்தது. 1969இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அமைந்தது. ஓய்வறியாது உழைத்த அவர், 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அகவை 52. தும்பா விண்வெளி மையம் அவர் பெயர் பெற்றது. 1973இல் நிலவின் கிண்ணக்குழி ஒன்றிற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

நிலவுப் போட்டியை வேண்டாதவரின் பெயரை நிலவுக்கலத்திற்கு இட்டது தகுமா எனச் சிலர் கேட்கக் கூடும். அவர் விலக்கியது போட்டியையே. வினாவையன்று என்பது நம் விடை. 2019 செப்டம்பரில் சென்ற முதல் விக்ரம் நிலவில் மோதி வீழ்ந்தது. பிழை ஆராய்ந்து மீண்டும் முயன்றனர். 2023 ஆகஸ்ட் 23 அன்று இரண்டாம் விக்ரம் தென்துருவத்தை அடுத்த நிலப்பரப்பில் பழுதின்றி இறங்கிற்று. மண்ணில் இறக்கிய வெப்பமானி, மேற்பரப்பில் சுமார் 50 பாகை செல்சியஸ் வெப்பமும், 8 சென்டிமீட்டர் ஆழத்திலேயே சுழியத்திற்குக் கீழ் 10 பாகைக் குளிரும் இருக்கக் கண்டது. மற்றொரு கருவி தரையை ஒட்டிய பிளாஸ்மாவை அளந்தது. ஒரு கன மீட்டரில் 50 லட்சம் முதல் 3 கோடி வரையிலான எலக்ட்ரான்கள். அஃதாவது, மிக மெல்லிய பிளாஸ்மா. வருங்காலத்தில் நிலவிலிருந்து வானொலி அலைகளால் செய்தி அனுப்புவோர்க்கு இவ்வளவை அறிதல் இன்றியமையாதது.

அப்பிளாஸ்மாக் கருவியைப் படைத்தவர்கள் தும்பாவில் சாராபாய் பெயர் தாங்கிய மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தார். மேலும், 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா விண்கலத்தில் கதிரவனின் துகளோட்டத்தை அளக்கும் கருவி ஒன்று, அவர் 1947இல் தோற்றுவித்த அகமதாபாத் ஆய்வகத்தின் ஆக்கம். கதிரவனுக்கும் பூமிக்கும் இடையே யாதுளது என்று இளைஞர் ஒருவர் பெங்களூரில் எழுப்பிய வினாவை, அவர் வளர்த்த நிறுவனங்கள் இன்றும் வினவிக்கொண்டிருக்கின்றன.

நம் இல்லத்துச் சிறார் வானை நோக்கி ஏன் என்று கேட்கும்போது, விடை தெரியாவிடினும் அவர்களை அடக்காதிருப்போமாக. சரளாதேவி அம்மையார் தம் இல்லத்துப் பள்ளியில் செய்தது அதுவே.