எலிஸபெத் பாரெட் பிரௌனிங்

பெற்றோரைப் பேணுதல் நன்மக்களின் கடன் என்பதை நாம் இளமை முதலே கற்றறிவோம். எனினும், வயது நிரம்பிய மக்களையும் தம் ஆணைக்குள் அடக்கிவைக்க விழையும் பெற்றோரிடத்து எங்ஙனம் ஒழுகுவது என்னும் வினா, அன்பு மிக்க இல்லங்களிலும் எழுவதுண்டு. இவ்வினாவை முன்னிட்டு, ஆங்கிலப் பெண்பாற் புலவர் ஒருவரின் சரிதையை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

எலிஸபெத், 1806-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் இங்கிலாந்தில் டர்ஹாம் மாகாணத்திற் பிறந்தார்; பன்னிரு மக்களுள் மூத்தவர். தந்தையார் எட்வர்டு பாரெட் கொடியவரல்லர். மகள் பதினான்கு வயதில் இயற்றிய காவியத்தைத் தாமே அச்சிடுவித்து மகிழ்ந்தவர். ஆயினும், தம் மக்களுள் எவரும் மணம் செய்துகொள்ளலாகாது என்பது அவர்தம் உறுதி.

எலிஸபெத் நெடுங்காலம் நோய்வாய்ப்பட்டு, லண்டன் விம்போல் தெருவில் ஓர் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். 1844-இல் வெளிவந்த செய்யுட்கள் அவர் புகழைப் பரப்பின. அவற்றைப் படித்த கவிஞர் ராபர்ட் பிரௌனிங் மறு ஆண்டு ஜனவரியில் அவருக்குக் கடிதம் எழுதினார், நட்பு காதலாயிற்று. அவ்வாண்டின் குளிர்காலத்தை இத்தாலியிற் கழித்தால் உடல் தேறும் என மருத்துவர் கூறியும் தந்தையார் இசைந்திலர். தம் உயிரினும் தம் கீழ்ப்படிதலே தந்தைக்குப் பெரிதோ என்ற ஐயம் மகளின் உள்ளத்தை வருத்தியது.

1846 செப்டம்பர் 12-ஆம் நாள், தம் நாற்பதாம் வயதில், எலிஸபெத் மேரில்போன் ஆலயத்தில் மறைவாக ராபர்ட்டை மணந்தார். ஒரு வாரம் தந்தையின் இல்லத்திலேயே இருந்து, பின் கணவருடன் இத்தாலிக்குச் சென்றார். தமக்கென உறவினர் விட்டுச்சென்ற சிறு பொருளே அவருக்கு ஊன்றுகோலாயிற்று.

தந்தையார் அவரை உரிமை நீக்கினார். பின்னர் மணந்த ஹென்ரியட்டா, ஆல்பிரட் என்னும் மக்களுக்கும் அக்கதியே நேர்ந்தது. எலிஸபெத்தோ தந்தைக்குக் கடிதம் எழுதுவதை விட்டாரிலர். 1851-இல் லண்டனுக்கு வந்தபோது, ஐந்தாண்டுகளாகத் தாம் எழுதிய கடிதங்களெல்லாம் பிரிக்கப்படாமலே திரும்பப் பெற்றார். சிலவற்றின்மேல் துக்கத்தைக் குறிக்கும் கறுப்பு முத்திரை இருந்தது. அவற்றையும் தந்தையார் திறந்திலர். 1857-இல் மனம் மாறாமலே அவர் இறந்தார். மகளார் 1861 ஜூன் 29-ஆம் நாள் பிளாரன்ஸ் நகரில் கணவர் அருகிருக்க உயிர் நீத்தார்.

கீழ்ப்படிதல் வேறு, அன்பு வேறு என்பதை இச்சரிதையால் நாம் உணர்கின்றோம். முன்னதற்கு ஓர் எல்லை வகுத்த எலிஸபெத், பின்னதற்கு எல்லை வகுத்தாரல்லர். கதவை அடைத்தவர் தந்தையே. மகளோ இறுதிவரை அதனைத் தட்டிக்கொண்டே இருந்தார். மக்களாகிய நாமும், நாளை பெற்றோராகப்போகும் நாமும், இதனை மறவாதிருப்போமாக.